உண்மைப் போர்களைச் சொல்லும் பழைய படங்களை மலையூர்க் கூடத்தில் திரையிட ஒரு முழு வழிகாட்டி

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர் ஒருவராவது இருப்பார். அதனால் வாசகசாலையோ இளைஞர் மன்றமோ ஒரு பழைய போர்ப் படம் போடுகிறது என்றால் கூட்டம் வந்துவிடும். வந்த கூட்டம் இடைவேளையில் கலைந்துபோவதும் உண்டு. பெரும்பாலும் குற்றம் படத்தின் மேல் இல்லை. எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கிறது, எதற்காக அந்தப் பாலத்தைப் பிடிக்கத் துடிக்கிறார்கள் என்று தெரியாமல் மூன்று மணி நேரம் உட்கார யாராலும் முடியாது.

வரிசை இதுதான்: போர், வரைபடம், படம், படம் மாற்றியவை, பேச்சு. இதில் ஒன்றை முன்பின்னாக மாற்றினாலும் பலன் பாதியாகிவிடும்.

1. முதலில் போரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் படத்தை

புதிதாகத் தொடங்குபவர்கள் நடிகரையோ பட்ஜெட்டையோ பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, உங்களால் பத்து வரியில் சொல்ல முடிகிற போரை எடுங்கள். எப்போது, எங்கே, யார் யாரைத் தாக்கினார்கள், ஏன், முடிவு என்ன? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் படத்துக்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

முதல் திரையிடலுக்கு ஒரே இடத்தில், ஓரிரு நாளில் முடிந்த போர்தான் சரி. 1970ல் வந்த 'வாட்டர்லூ' அப்படிப்பட்டது. 1815 ஜூன் 18, ஒரே நாள், ஒரே களம். நம் வெலிங்டனின் பெயரே அந்தப் போரில் நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதி, டியூக் ஆஃப் வெலிங்டனின் பெயர்தான். ஐரோப்பாவில் பெயர் எடுப்பதற்கு முன்பே அவர் 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் 1803ல் அஸ்ஸாயேயிலும் போரிட்டவர். அஸ்ஸாயேயில் அவருக்காகச் சண்டையிட்டவர்களில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். இதைச் சொன்னதும் கூடத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே பார்க்கலாம்.

1962ல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' என் கணக்கில் இந்த வகைப் படங்களிலேயே முதல் வரிசை. ஆனாலும் முதல் படமாக வேண்டாம். நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய 1944 ஜூன் 6 என்ற ஒரே நாளைத்தான் சொல்கிறது என்றாலும், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கடற்கரை, நான்கு நாட்டுப் படைகள், பெயர் நினைவில் நிற்காத அளவுக்குப் பாத்திரங்கள். இரண்டு மூன்று படம் பார்த்துப் பழகிய கூட்டத்துக்குத்தான் அது.

2. உரிமை, சான்று, இடம்

வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தாவை வைத்து ஊர்க் கூடத்தில் படம் போடக் கூடாது. அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான்.

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1957ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்', 'தி லாங்கஸ்ட் டே', 1964ல் வந்த 'ஜூலு', அதே ஆண்டில் 1962 சீனப் போரை வைத்து வந்த இந்திப் படமான 'ஹகீகத்' ஆகியவை இந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன. 'வாட்டர்லூ'வுக்கு 2030 முடியும்வரை உரிமை இருக்கிறது. அதன் விநியோக உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். படத்தின் உரிமை முடிந்தாலும் இசைக்கும் மூலக் கதைக்கும் தனியாக உரிமை இருக்கலாம். கட்டணம் வசூலிப்பதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

பிரதி தணிக்கைச் சான்று பெற்றதா என்று பாருங்கள். இடத்துக்கான அனுமதியை யாரிடம் வாங்க வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு, அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்மொழியாக வந்த சம்மதம் திரையிடல் அன்று காலையில் மாறலாம்.

'வாட்டர்லூ' அனுமதி தாமதமானால் முதல் படமாக 'ஜூலு'வை வைக்கலாம். 1879 ஜனவரி 22, 23 தேதிகளில் தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற சின்ன வளாகத்தை ஜூலு இனத்தவரின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பக்கம் ஏறக்குறைய 150 பேர் காத்த கதை. ஆனால் அதே 22ஆம் தேதி, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இசண்டல்வானாவில் ஆங்கிலேயர் பக்கம் 1,300 பேருக்கு மேல் மாண்டதையும், எல்லை தாண்டிப் போய்ப் போரைத் தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்தான் என்பதையும் முதலில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால், சொந்த நாட்டுக்காகப் போரிட்ட ஜூலுக்கள் படத்தில் வெறும் கூட்டமாகத் தெரிவார்கள்.

3. நாளும் நேரமும்

மலையில் இது தனி வேலை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும். கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஊர்க் கூடத்துக்குத் தகரக் கூரை என்றால் மழையில் வசனம் ஒன்றும் கேட்காது, கரண்டும் போகும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் தொடங்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் படம் முடிய ஒன்பதரை ஆகும். கடைசி பஸ் போயிருக்கும். தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கும். அந்தப் பயத்தில் பாதிப் பேர் கிளைமாக்ஸுக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்னுரை, இடைவேளை, பேச்சு எல்லாம் சேர்த்துப் படத்தின் நீளத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டு, இருட்டுவதற்கு முன் முடியும்படி கணக்குப் போடுங்கள்.

4. வரைபடம்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு வேலையைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கரும்பலகையோ, நான்கு சார்ட் தாள்களை ஒட்டிய பெரிய தாளோ போதும். அதில் ஐந்து மட்டும் வரையுங்கள்: ஆறு அல்லது கடல், சாலை, மேட்டுநிலம், இரண்டு படைகளும் தொடக்கத்தில் நின்ற இடம், தாக்கியவர்கள் வந்த திசை. ஒரு படைக்கு நீலம், இன்னொன்றுக்குச் சிவப்பு. அந்த நிறங்களைக் கடைசிவரை மாற்றாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் போர் வரைபடத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஐம்பது அம்புக்குறி இருக்கும், மூன்றாம் வரிசையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கையால் வரைந்தால் தேவையில்லாதது தானாகக் கழிந்துவிடும், வரையும்போதே உங்களுக்கும் போர் புரிந்துவிடும்.

தூரத்தை நம் ஊர்த் தூரமாகச் சொல்லுங்கள். வாட்டர்லூவில் வெலிங்டனின் அணிவகுப்பு ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கியது, கிட்டத்தட்ட குன்னூரிலிருந்து அருவங்காடு வரை. அதற்குள் பிரெஞ்சுத் தரப்பில் சுமார் 73,000 பேர், வெலிங்டன் தரப்பில் சுமார் 68,000 பேர். பிற்பகலில் கிழக்கிலிருந்து வெலிங்டனுக்குத் துணையாகப் பிரஷ்யப் படை வந்து சேர்ந்தது. இதை விரலால் காட்டிச் சொன்னால், படத்தில் நெப்போலியன் ஏன் திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே பார்க்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

1977ல் வந்த 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' போடும்போது வரைபடம் இல்லாமல் ஒரு காட்சியும் பிடிபடாது. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படை ஹாலந்தில் பாராசூட்டில் இறங்கி வரிசையாகப் பாலங்களைப் பிடிப்பது, தரைப்படை ஒரே சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடி அவர்களோடு சேர்வது என்பது திட்டம். நூறு கிலோமீட்டர் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை போய்த் திரும்பும் தூரம். பர்லியாறு வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் மேலேயும் கீழேயும் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சாலையில் முன்னால் போன டாங்கிகள் எரிந்து நின்றபோது பின்னால் இருந்த முழுப் படைக்கும் அதேதான் நடந்தது. அர்ன்ஹெமில் இறங்கியவர்களோ பாலத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தள்ளி இறக்கப்பட்டார்கள். இறங்கியது ஏறக்குறைய பத்தாயிரம் பேர். ஆற்றைக் கடந்து மீண்டு வந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இரண்டு தூரத்தையும் பலகையில் குறித்துவிட்டால் படத்தின் பாதிச் சோகம் வசனம் இல்லாமலே புரியும்.

'வாட்டர்லூ'வுக்கு இன்னொன்றும் செய்யலாம். படத்துக்கு முன் எல்லோரையும் பக்கத்தில் இருக்கும் தேயிலைச் சரிவின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போங்கள். இருபது பேரை மேட்டின் உச்சி தாண்டி அந்தப் பக்கச் சரிவில் போய் உட்காரச் சொல்லுங்கள். கீழே நிற்பவர்களுக்கு ஒரு தலைகூடத் தெரியாது. கொஞ்சம் ஏறி வரச் சொன்னதும் இருபது பேரும் ஒரே நேரத்தில் உச்சியில் முளைப்பார்கள். வெலிங்டன் தன் படையின் பெரும்பகுதியை மேட்டுக்குப் பின்சரிவில் வைத்தது இதற்காகத்தான். பீரங்கிக் குண்டிலிருந்து பாதுகாப்பு, ஏறி வருபவனுக்கு அதிர்ச்சி. சமவெளி ஊர்க்காரர்களுக்கு இதைக் காட்ட வழியில்லை, நமக்கு வாசலிலேயே இருக்கிறது.

5. தமிழ் வரிகள் தயாரிப்பது

இந்தப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது. கூடத்தில் ஒருவர் எழுந்து நின்று மொழிபெயர்த்துச் சொல்வதை விட்டுவிடுங்கள். வசனமும் கேட்காது, படமும் நின்றுபோகும். ஆங்கில சப்டைட்டில் கோப்பை எடுத்து, வரிக்கு வரி தமிழாக்குங்கள். தமிழ் வரி நீளும் என்பதால் சுருக்கியே ஆக வேண்டும். 'தாக்குதலைத் தொடங்கும்படி உத்தரவிடுகிறேன்' என்பதை 'தாக்குங்கள்' என்று முடித்துவிடலாம்.

கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். எந்த மடிக்கணினியில் திரையிடப் போகிறீர்களோ அதிலேயே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். 'தி லாங்கஸ்ட் டே'யில் ஜெர்மானியர் ஜெர்மனும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சும் பேசுவார்கள். பல பிரதிகளில் அந்த இடங்களில் ஆங்கில வரி படத்திலேயே பதிந்திருக்கும். தமிழ் வரியை அந்த இடங்களில் திரையின் மேல்பக்கம் வையுங்கள்.

பதவிப் பெயர்களையும் படைப்பிரிவுகளையும் கஷ்டப்பட்டுத் தமிழாக்க வேண்டாம். மேஜர், கர்னல், பிளட்டூன், கம்பெனி, பெட்டாலியன் என்றே விடுங்கள். முன்னாள் படைவீரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். மற்றவர்களுக்காக ஒரு சின்ன அட்டவணை ஒட்டுங்கள்: பிளட்டூன் என்றால் முப்பது பேர் அளவு, கம்பெனி நூறைத் தாண்டும், பெட்டாலியன் எண்ணூறு அளவு, டிவிஷன் பத்தாயிரத்துக்கு மேல். இந்த அளவு தெரிந்தால்தான் 'ஒரு பெட்டாலியன் பாலத்தில் மாட்டிக்கொண்டது' என்ற செய்தியின் கனம் தெரியும்.

6. கூடமும் கருவியும்

பகலில் போடுவதால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டாயம். வெண்ணிறச் சுவர் இருந்தால் திரை வாங்க வேண்டாம். குளிரில் இருந்த புரொஜெக்டரை ஆட்கள் நிறைந்த கூடத்துக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படியும். ஒரு மணி நேரம் முன்பே உள்ளே வைத்துவிடுங்கள், துணியால் தேய்க்காதீர்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் யூபிஎஸ் வேண்டும். விளக்கு வகை புரொஜெக்டர் கரண்ட் போனதும் திடீரென அணைந்தால் விளக்கின் ஆயுள் குறையும்.

ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். பீரங்கிச் சத்தத்துக்குத் தகுந்தபடி ஒலி வைத்தால் வசனம் காதில் விழாது, வசனத்துக்கு வைத்தால் பீரங்கி காதைக் கிழிக்கும். சண்டைக் காட்சி ஒன்றை முன்பே ஓட்டி, நடுவாக ஒரு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இதயநோய் உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்வது நல்லது.

7. பத்து நிமிட முன்னுரை

பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வரைபடத்தைக் காட்டி, அதில் குறித்தவற்றைச் சொல்லுங்கள், மற்றபடி போருக்கு முந்தைய நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வென்றார்கள் என்பது தெரிந்த செய்திதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படி வென்றார்கள் என்பதைப் படத்துக்கு விடுங்கள். இயக்குநர் வாழ்க்கை, வாங்கிய விருது எல்லாம் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு: படப்பிடிப்பைப் பற்றிய ஒரு உண்மை, பார்வையையே மாற்றும் என்றால் சொல்லுங்கள். 'வாட்டர்லூ'வில் தெரியும் படை கணினியில் செய்தது இல்லை. சோவியத் ராணுவத்தின் ஆயிரக்கணக்கான வீரர்கள் சீருடை மாட்டி உக்ரைன் மண்ணில் அணிவகுத்தார்கள். 'தி லாங்கஸ்ட் டே'யில் ஒரு பாலத்தைப் பிடிக்கும் மேஜர் ஜான் ஹோவர்டாக நடித்த ரிச்சர்ட் டாட், நிஜத்தில் அதே நாளில் அதே பாலத்தைக் காக்கப் பாராசூட்டில் இறங்கிய அதிகாரி. இதைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் அந்தப் பாலக் காட்சியை யாரும் பேசிக்கொண்டே பார்க்க மாட்டார்கள்.

8. இடைவேளை

பாதியில் ஒருமுறை, இருபது நிமிடம். டீயும் வர்க்கியும் போதும். அந்த நேரத்தில் வரைபடத்தில் இதுவரை நடந்ததைச் சாக்பீஸால் நகர்த்திக் காட்டுங்கள். தவறவிட்டவர்கள் இங்கேதான் கதைக்குள் திரும்ப வருவார்கள். இதைச் செய்யாத இடங்களில்தான் இரண்டாம் பாதியில் நாற்காலி காலியாகிறது.

9. படம் எதை மாற்றியது

படம் முடிந்ததும் உடனே கருத்துக் கேட்காதீர்கள். முதலில் படம் வரலாற்றிலிருந்து விலகிய மூன்று இடங்களைச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் போனால் குறை கண்டுபிடிக்கும் கூட்டமாகிவிடும், ஒன்றும் சொல்லாவிட்டால் படம்தான் வரலாறு என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

'வாட்டர்லூ'வில் பெரும்பாலும் ஆங்கிலேயப் படையே கண்ணில் படும். உண்மையில் வெலிங்டன் படையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் பிரிட்டிஷார், மற்றவர்கள் டச்சுக்காரர், பெல்ஜியர், ஜெர்மானியர். 'தி லாங்கஸ்ட் டே'யில் புவாந்த் து ஓக் பாறையில் உயிரைக் கொடுத்து ஏறியவர்கள் மேலே பீரங்கியே இல்லை என்று கண்டு நிற்பார்கள். உண்மையில் பீரங்கிகள் உள்ளே தள்ளி மறைக்கப்பட்டிருந்தன, ஏறியவர்கள் அதே நாளில் தேடிக் கண்டுபிடித்துச் செயலிழக்க வைத்தார்கள். படம் அவர்கள் உழைப்பை வீணாக்கிவிட்டது என்பது என் வருத்தம். 1941ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதைச் சொல்லும், 1970ல் வந்த 'டோரா டோரா டோரா'வின் கடைசியில் ஜப்பானிய அட்மிரல் யாமமோட்டோ, தூங்கும் ராட்சதனை எழுப்பிவிட்டோம் என்று பேசும் புகழ்பெற்ற வசனத்தை அவர் சொன்னதற்கோ எழுதியதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை.

நம் நாட்டுப் படத்துக்கும் இதே அளவுகோல்தான். 1971 லோங்கேவாலா சண்டையை வைத்து 1997ல் வந்த 'பார்டர்' படத்தில் பைரோன் சிங் என்ற எல்லைக் காவல்படை வீரர் இறந்துபோவார். நிஜ பைரோன் சிங் 2022 வரை வாழ்ந்தார்.

10. 'க்வாய்' படத்துக்குத் தனிக் குறிப்பு

இதை மற்றப் படங்களைப் போல நடத்தக் கூடாது. இரண்டாம் உலகப் போர் உண்மை, ரயில்பாதை உண்மை, கதை ஒரு நாவலின் கற்பனை. பிடிபட்ட பிரிட்டிஷ் கர்னல் எதிரியான ஜப்பானியருக்காகப் பெருமையோடு பாலம் கட்டுவதாகப் படம் சொல்கிறது. உண்மையில் அந்த இடத்தில் இருந்த மூத்த அதிகாரி பிலிப் டூசி தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டே வேலையைக் கெடுக்க முயன்றவர். படத்தில் மரப்பாலம் கமாண்டோக்களால் தகர்க்கப்படுகிறது. உண்மையில் ஒரு மரப்பாலமும் ஒரு இரும்புப் பாலமும் இருந்தன, விமானங்கள் 1945ல் குண்டு போட்டன, பழுதுபார்த்த இரும்புப் பாலம் இன்றும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நிற்கிறது.

அதைவிடப் பெரியது, படத்தில் இல்லாதவர்கள். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் முடிக்க ஜப்பானியர் விரட்டியது 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை மட்டும் இல்லை. கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. இதைப் படத்துக்கு முன்பே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் ஒவ்வொரு காட்சியிலும் 'நம் ஆட்கள் எங்கே' என்று கூட்டம் தேடும். பின்னால் சொன்னால் அது வெறும் கூடுதல் தகவலாகப் போய்விடும்.

இன்னொன்று. படம் எடுத்த இடம் இலங்கையின் கிதுல்கல, களனி ஆற்றங்கரை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்தில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்களில் வயதானவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அந்த ஆற்றையும் காட்டையும் அவர்களுக்கு அடையாளம் தெரியலாம். பேச்சை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

11. பெரியவர்களைப் பேச வைப்பது

பட்டாளத்தில் இருந்தவரைத் திடீரென்று மைக் கொடுத்து எழுப்பாதீர்கள். இரண்டு நாள் முன்பே வீட்டுக்குப் போய், 'ஐயா, படம் முடிஞ்சதும் நாலு வார்த்தை பேசுறீங்களா' என்று கேளுங்கள். முடியாது என்றால் அதோடு விடுங்கள். நடுவில் எழுந்து வெளியே போனால் பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிடாதீர்கள்.

'எத்தனை பேரைச் சுட்டீங்க' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதைத் தடுக்க, கேள்விகளை முன்பே தாளில் எழுதி வாங்கி நீங்கள் படியுங்கள். கேட்க வேண்டியவை வேறு: எவ்வளவு எடை தூக்கி நடந்தீர்கள், பனியில் துப்பாக்கியை எப்படிப் பராமரித்தீர்கள், கடிதம் வர எத்தனை நாள் ஆகும், படத்தில் சிப்பாய் செய்வதில் எது நிஜத்தில் நடக்காது? இப்படிக் கேட்டால் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையமான எம்.ஆர்.சி.யில் பயிற்சி எடுத்த ஒரு பழைய ஹவில்தார் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். படத்தில் காணாத போரை அங்கேதான் கேட்பீர்கள்.

அவர் சொல்வதைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். வேறு யாருடைய பெயராவது வந்தால் அதை வெளியில் பகிர வேண்டாம்.

12. கிளம்பும் முன்

புரொஜெக்டர் விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். வரைபடத்தைச் சுருட்டி வையுங்கள், அதே போரைப் பற்றிய இன்னொரு படம் போடும்போது உதவும். அடுத்த படத்தின் தேதியையும் போரின் பெயரையும் அன்றைக்கே பலகையில் எழுதிவிடுங்கள். படத்தின் பெயரை அப்புறம் எழுதினால் போதும்.